நாலு என்று எழுதியவன்

ஜூலை 3, வியாழன்

இந்த நோட்டு நான் கேட்டு வாங்கியது இல்லை. ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்க்கும் ஃபர்ஜானா என்ற பெண் கையில் திணித்து அனுப்பியது. முப்பது வயது இருந்தால் அதிகம். "சார், மேடத்தால வலது கையில எழுத முடியாது. வலி எவ்வளவுன்னு நீங்கதான் ஃபாரத்துல குறிக்கணும். காலையில ஒண்ணு, சாயந்திரம் ஒண்ணு. சைபர்னா வலியே இல்ல. பத்துன்னா தாங்கவே முடியல. அவங்களைக் கேளுங்க, சொல்ற நம்பரை அப்படியே எழுதுங்க. இந்த நோட்டு உங்களுக்கு. கூட இருக்கறவங்க மனசுல என்ன ஓடுதுங்கறதும் எங்க ஆய்வுல ஒரு பகுதி. நீங்களா குடுத்தாதான் படிப்போம்."

என் மனதில் என்ன ஓடுகிறது? மூன்று மணி நேரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்களே என்பதுதான் ஓடுகிறது. நான் மின்வாரியத்தில் கணக்கீட்டாளன். வீடு வீடாக ஏறி இறங்கி மீட்டர் பார்க்கிறவன். ஓர் இடத்தில் உட்கார்ந்தால் எனக்குக் கால் குடைய ஆரம்பித்துவிடும். இடையில் நாலு தடவை எழுந்து போய் டீ குடித்தேன். நாலும் மட்டமான டீ.

விஷயத்தை எழுதிவிடுகிறேன். என் மனைவி பூங்கோதை மார்ச் மாதம் வண்டியிலிருந்து விழுந்து வலது மணிக்கட்டு உடைந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. பிரித்து எக்ஸ்ரே எடுத்தால் எலும்பு அழகாகக் கூடியிருக்கிறது, எனக்கே காட்டினார்கள். வலி மட்டும் போகவில்லை. போகாததோடு ஏறிக்கொண்டே வருகிறது. கை சிவந்து வீங்கி, விரல்கள் பாதி மடங்கியபடியே நிற்கின்றன. துணி பட்டால் எரிகிறது, காற்று பட்டால்கூட எரிகிறது என்கிறாள். இதற்கு நீளமாக ஓர் இங்கிலீஷ் பெயர் சொன்னார்கள். ஃபர்ஜானா சொன்னதுதான் எனக்கு விளங்கியது. "எலும்பு ஆறிடுச்சு சார். நரம்புக்கு இன்னும் அந்தச் சேதி போய்ச் சேரல."

எட்டு வாரம் ஆய்வு. திங்கள், புதன், வெள்ளி போக வேண்டும். இப்போதே விரல்களை நீட்டிப் பழக்காவிட்டால் இப்படியே இறுகிப் போய்விடலாம் என்றும் சொன்னாள். கோதை லேபில் ரத்தம் எடுக்கிறவள். இருபத்திரண்டு வருஷ வேலை. நரம்பே தெரியாத கிழவர்களுக்கும் ஒரே குத்தில் எடுத்துவிடுவாள். விரல் இறுகினால் அதோடு சரி.

காலை ஏழு. மாலை எட்டு.

ஜூலை 5, சனி

வீட்டில் ஃபேன் சண்டை. திருச்சியில் ஜூலை மாதம் ஃபேன் போடாமல் மனிதன் இருக்க முடியுமா? போட்டால் கையில் காற்று படுகிறது என்று எழுந்து போய் சமையலறையில் உட்கார்ந்துகொள்கிறாள். நிறுத்தினால் எனக்கு முதுகில் ஆறு ஓடுகிறது. முந்தானையால் கையை மூடிக்கொள்ளேன் என்றேன். "முந்தானை பட்டாலும் எரியுதுங்க" என்றாள். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பிவிட்டேன். தென்னூர் வரை நடந்துவிட்டுத் திரும்பினேன்.

ஏழு. ஏழு.

ஜூலை 7, திங்கள்

ஃபர்ஜானா எல்லாவற்றையும் கேட்கிறாள். வலி குத்தலா, குடைச்சலா, எரிச்சலா, விண் விண் என்று தெறிக்கிறதா. காலையிலா, வேலை செய்தாலா, சும்மா இருந்தாலுமா. ஒரு வலிக்கு இத்தனை கேள்வி. கோதை வாயைத் திறக்கவே நேரம் எடுத்துக்கொள்கிறாள். எனக்குப் பொறுமை இல்லை, நானே சொல்லிவிட்டேன்.

"எரிச்சல்தாம்மா. சாயந்திரம் ஜாஸ்தி. போன வாரத்துக்கு இப்ப பரவாயில்ல."

ஃபர்ஜானா என்னைப் பார்த்துச் சிரித்தாள். "மேடம் சொல்லட்டும் சார்."

"நான் சொன்னா என்ன, அவ சொன்னா என்ன. ஒரே வீடுதானே."

எப்படி விழுந்தார்கள் என்று கேட்டாள். நாய் குறுக்கே வந்துவிட்டது என்றேன். கோதை தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூலை 9, புதன்

கண்ணாடி வைத்து ஒரு வைத்தியம் செய்கிறார்கள். மேஜை நடுவில் ஒரு கண்ணாடியை நிறுத்தி, வலது கையை அதற்குப் பின்னால் மறைத்து வைக்கச் சொல்கிறார்கள். இடது கையை முன்னால் வைத்து விரித்து மூட வேண்டும். கண்ணாடியில் பார்த்தால் வலது கைதான் விரிந்து மூடுகிற மாதிரி இருக்கும். மூளையை ஏமாற்றுகிற வேலை. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. கோதை நாலு தடவை விரித்தாள். கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தவள் திடீரென்று அழ ஆரம்பித்துவிட்டாள். "என் கை" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

பார்க்கிங்கில் வண்டி சரியாக நிற்கிறதா என்று பார்த்து வரக் கிளம்பினேன். பாதி வழியில்தான் நாங்கள் பஸ்ஸில் வந்தது ஞாபகம் வந்தது. மார்ச்சுக்குப் பிறகு அவள் என் வண்டியில் ஏறுவதில்லை.

எட்டு. எட்டு.

ஜூலை 12, சனி

காலையில் கேட்க மறந்துவிட்டேன். நேற்று ஏழு. ஏழே போட்டேன்.

எங்கள் வேலையில் இதற்கு வழி உண்டு. வீடு பூட்டியிருந்தால் 'டோர் லாக்' என்று குறித்து, முந்தைய தடவை என்ன வந்ததோ அதையே போட்டுவிடுவோம். அடுத்த தடவை பார்க்கும்போது சரியாகிவிடும். விதியே அப்படித்தான். மற்றபடி, இருபத்தொன்பது வருஷத்தில் மீட்டரைப் பார்க்காமல் ஒரு ரீடிங் எழுதியவன் இல்லை நான். வெயிலோ மழையோ, மொட்டை மாடியில் இருந்தாலும் ஏறிப் பார்த்துத்தான் எழுதுவேன். பார்க்காமல் எழுதுகிறவனை நான் மனிதனாகவே மதித்தது கிடையாது.

ஜூலை 16, புதன்

ஆறு. ஆறு.

ஜூலை 18, வெள்ளி

லேபிலிருந்து போன். புதிதாக ஒரு பெண்ணைச் சேர்த்திருக்கிறார்களாம், தற்காலிகமாகத்தான் என்றார்களாம். போனை வைத்துவிட்டுக் கோதை சொன்னாள்: "அந்தப் பொண்ணு ஊசி போடறப்ப எல்லாருகிட்டயும் 'வலிக்கவே வலிக்காது'ன்னு சொல்லுதாம். நான் ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்ல. 'வலிக்கும், ரெண்டு செகண்டு பொறுத்துக்குங்க'ம்பேன். பொய் சொல்லிக் குத்தினா அடுத்த தடவை கையையே நீட்ட மாட்டாங்க."

அதற்கு நான் என்ன சொல்ல? "சீக்கிரம் சரியாயிடும், நீயே போய் எடுக்கலாம்" என்றேன்.

பயிற்சி நடக்கிறது, கண்ணாடி நடக்கிறது, மாத்திரை நடக்கிறது. குறைந்துதானே ஆக வேண்டும். அஞ்சு போட்டேன்.

ஜூலை 20, ஞாயிறு

பின்னால் புரட்டிப் பார்த்தேன். நாய் என்றா எழுதியிருக்கிறேன்? நாயும் இருந்தது. தெரு என்றால் நாய் இருக்கும்தானே. ரோட்டில் மணலும் கிடந்தது. தண்ணீர்க் குழாய்க்குத் தோண்டிவிட்டு அப்படியே போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். மணலில் பிரேக் பிடித்தால் எந்த வண்டியும் சறுக்கத்தான் செய்யும்.

இன்று ஞாயிறு என்பதால் எங்கும் போக வேண்டியதில்லை. அதுதான் கஷ்டம். அலமாரியை ஒழித்தேன். சமையலறைக் குழாய் சொட்டுவதைச் சரிசெய்தேன். ஜன்னல் கொக்கியை மாற்றினேன். கோதை கட்டிலில் உட்கார்ந்து கையை ஒரு தலையணை மேல் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"செத்த நேரம் வந்து உட்காருங்களேன்" என்றாள்.

கொக்கி இன்னும் முடியவில்லை என்றேன்.

ஜூலை 25, வெள்ளி

அஞ்சு. நாலு.

ஜூலை 30, புதன்

நாலு வாரம் முடிந்து பரிசீலனை. பெரிய டாக்டர் வந்தார். நல்ல மனிதர், ஆனால் அவசரக்காரர். அவருக்கும் உட்காரப் பிடிக்காது போல, நின்றபடியே ஃபாரத்தைப் புரட்டினார். "ஏழு, எட்டுல ஆரம்பிச்சு நாலுக்கு வந்திருக்கு. ரொம்ப நல்லாருக்கே. இனிமே வீட்டுலேயே பயிற்சி பண்ணட்டும், மாசம் ஒரு தடவை வந்தா போதும். இவங்க இடத்துக்கு வெயிட்டிங்ல இருக்கறவங்களைக் கூப்பிடலாம்."

ஃபர்ஜானா அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "டாக்டர், விரல் நீள்றது முதல் வாரத்துல இருந்த அளவுலேயேதான் நிக்குது. ரெண்டு விரல் இன்னும் கொஞ்சம் மோசம்."

"வலி குறைஞ்சா விரல் பின்னாலேயே வந்துடும்மா." அவர் கோதை பக்கம் திரும்பினார். "என்னம்மா, வலி குறைஞ்சிருக்கா?"

கோதை என்னைப் பார்த்தாள். ஏன் பார்த்தாள் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தாங்கவில்லை.

"பரவாயில்ல டாக்டர்" என்றேன்.

அவர் 'முன்னேற்றம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, கையை யாரும் இடித்துவிடாதபடி மடியில் வைத்துக்கொண்டாள். சத்திரம் பஸ் ஸ்டாண்டு நெருங்கும்போது கேட்டாள். "நாலுன்னு யாருங்க சொன்னது?"

கண்டக்டர் வருகிறாரா என்று எட்டிப் பார்த்தேன். டிக்கெட் ஏற்கெனவே எடுத்திருந்தோம்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

இன்று ஆஸ்பத்திரி இல்லை. கோதை என்னோடு பேசுவதும் இல்லை.

ஆகஸ்ட் 2, சனி

ஃபாரத்தின் நகலை எடுத்து வரச் சொன்னாள். கொடுத்தேன். மேஜை மேல் விரித்து, இடது கை விரலால் ஒவ்வொரு கட்டமாகத் தொட்டுக்கொண்டே வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை திருப்பிச் சொல்லிவிட்டு வெளியே போயிருப்பேன்.

"பன்னெண்டாம் தேதி காலைல எட்டு. நீங்க ஏழு போட்டிருக்கீங்க. சரி, பக்கத்துலதான் இருக்கு. பதினாறாம் தேதி பால் வாங்கப் போனப்ப தாழ்ப்பாள்ல பட்டுடுச்சு. அன்னைக்குப் பத்து. பத்துக்கு மேல இருந்தா அதைச் சொல்லியிருப்பேன். நீங்க ஆறு போட்டிருக்கீங்க. இருபதாம் தேதி, நீங்க கொக்கி மாட்டிட்டு இருந்தீங்களே, அன்னைக்கு ஒன்பது. சுத்தியல் தட்டற சத்தம் ஒவ்வொண்ணும் கைக்குள்ள கேட்டுச்சு. அதுக்குத்தான் வந்து உட்காரச் சொன்னேன்."

ஒரு நாள் விடாமல் சொன்னாள். எல்லாம் ஞாபகம் வைத்திருக்கிறாள். எங்கேயும் எழுதி வைத்திருக்கவில்லை, எழுதத்தான் முடியாதே.

"நீ சொல்லியிருக்கலாம்ல" என்றேன்.

"கேட்கலையே நீங்க."

அது உண்மை. பதினொன்றாம் தேதிக்குப் பிறகு நான் கேட்கவில்லை. டோர் லாக் என்று எழுதினேனே, வீடு பூட்டியிருக்கவில்லை. நான் படியே ஏறவில்லை. அது மட்டுமா, அஞ்சு, நாலு என்று இறக்கிக்கொண்டே வந்தேன். என்னிடம் யாராவது இப்படி ஒரு ரீடிங் கொண்டு வந்திருந்தால் நான் அவனை நடுத்தெருவில் நிற்க வைத்துக் கேட்டிருப்பேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

லீவு போட்டேன். கோதையும் வருகிறேன் என்றாள். ஒன்பது மணிக்கே போய் ஃபர்ஜானாவின் அறை வாசலில் நின்றோம். உட்காரச் சொன்னாள். நான் நின்றுகொண்டே சொல்லிவிட்டேன். நம்பர் எல்லாம் நான் போட்டது, கோதை சொன்னது இல்லை, முதல் ஒன்பது நாள் தவிர.

ஃபர்ஜானா கோபப்படவில்லை என்று எழுதினால் அது பொய். முகம் சிவந்துவிட்டது. "அந்த நம்பரை வச்சுதான் சார் இவங்க இடத்தை எடுத்தாங்க. புதுசா ஒருத்தர் இன்னைக்கு வந்து சேர்ந்துட்டாங்க. நான் அவரைப் போகச் சொல்ல முடியுமா?" பிறகு கொஞ்சம் தணிந்து கேட்டாள். "ஏன் சார் கேட்கறதை நிறுத்தினீங்க?"

வேலை, அலைச்சல் என்று ஆரம்பித்தேன். கோதை குறுக்கே பேசினாள். அவள் இப்படி ஒரே மூச்சில் பேசி நான் கேட்டு எத்தனையோ மாதம் ஆகிறது. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அவரால கேட்க முடியலம்மா. கேட்டா அந்த நாள் ஞாபகம் வந்துடும். நாயெல்லாம் ஒண்ணும் வரல. ஹெல்மெட்டுக்குள்ள போனைச் சொருகிட்டு, ரீடிங் தப்புன்னு சொன்ன யாரோ ஒருத்தர்கூட சண்டை போட்டுக்கிட்டே ஓட்டினாரு. ரெண்டு தடவை தோளைத் தட்டினேன். 'இரு'ன்னாரு. பள்ளத்துல விட்டுட்டாரு. நான் கையை ஊனி விழுந்தேன். இவருக்கு ஒரு அடியும் இல்ல. எந்திரிச்சதும் போன் எங்க விழுந்ததுன்னுதான் தேடினாரு. போனை எடுத்து, உடையலையான்னு பார்த்துட்டு, அப்புறம்தான் என்கிட்ட வந்தாரு. வந்து 'ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, எந்திரி'ன்னாரு. கை தொங்குது, ஒண்ணுமில்லங்கறாரு. அன்னைக்கு இருந்து இவரு என் கையைப் பார்க்கறதே இல்லம்மா. வீட்டுல எதையாவது கழட்டி மாட்டிக்கிட்டே இருக்காரு."

ஃபர்ஜானா அவளுக்குத் தண்ணீர் கொடுத்தாள். எனக்கும் ஒரு தம்ளர் நீட்டினாள்.

அந்த ஆளோடு போட்ட சண்டையில் நான்தான் ஜெயித்தேன். ரீடிங் சரிதான். இதையும் எழுதிவிடுகிறேன்.

ஆகஸ்ட் 6, புதன்

டாக்டரிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்ற ஃபர்ஜானாவிடமிருந்து இன்னும் போன் இல்லை. நாலு தடவை போனை எடுத்துப் பார்த்தேன். இரண்டு தெருவில் மீட்டர் எண்ணைத் தப்பாக அடித்துத் திருத்தினேன்.

காலை எட்டு. மாலை எட்டு. கேட்டு எழுதியது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

போன் வந்தது. கோதை இனி ஆய்வில் இல்லை, அவள் நம்பர்களைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டார்கள். பெரிய டாக்டர் என்னைப் பற்றி என்ன சொன்னார் என்று ஃபர்ஜானா சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சிகிச்சையை நிறுத்தவில்லை. ஆனால் வாரத்துக்கு ஒரு நாள்தான் இடம் இருக்கிறது, திங்கள் மட்டும். இது போதாது என்று அவளே சொன்னாள். மற்ற நாளெல்லாம் வீட்டில் ஒருத்தர் செய்ய வேண்டும்.

என்ன செய்ய வேண்டும் என்று நேரில் வரச் சொல்லிக் காட்டினாள். பஞ்சு, வழுவழுப்பான துணி, பிறகு துண்டு, இந்த வரிசையில் ஒவ்வொன்றாகக் கையின் மேல் மெதுவாகத் தடவ வேண்டும். ஒரு தடவைக்குப் பத்து நிமிஷம், நாளைக்கு மூன்று தடவை. தொடுகிறது ஆபத்தில்லை என்று நரம்பு கற்றுக்கொள்ள வேண்டுமாம். அதற்குப் பிறகுதான் விரலை நீட்டுவது. "வலிக்கும் சார். கத்துவாங்க. அவங்க நிறுத்தச் சொன்னா மட்டும் நிறுத்துங்க. உங்களால பார்க்க முடியலைன்னு நிறுத்தாதீங்க. இந்த மூணு மாசம் விட்டா அப்புறம் அந்த விரலைத் திருப்பறது கஷ்டம்."

வேறு யாராவது செய்யலாமா என்று கேட்டேன். கோதை என்னைத் திரும்பிப் பார்த்தாள். கேட்டிருக்கக் கூடாது.

ஆகஸ்ட் 9, சனி

பஞ்சு வாங்கிவிட்டேன். காலையில் முடியவில்லை. மத்தியானம் கையருகே வரை கொண்டுபோனேன். அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். எனக்கு வியர்த்துவிட்டது, கை கழுவி வருகிறேன் என்று எழுந்துவிட்டேன். கை சுத்தமாகத்தான் இருந்தது. சாயந்திரமும் அதே கதை. எட்டு, எட்டு.

ஒரு நாள் போய்விட்டது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

காலை பத்து மணி. கோதை மேஜையில் துண்டை விரித்து, அதன் மேல் கையை வைத்துக்கொண்டு கூப்பிட்டாள். "வாங்க. இன்னைக்கு எந்திரிக்கக் கூடாது. வலிக்கும், நான் கத்துவேன். நீங்க எதுவும் பேசக் கூடாது. பத்து நிமிஷம்."

உட்கார்ந்தேன். ஐந்து மாதத்தில் முதல் தடவையாக அந்தக் கையைச் சரியாகப் பார்த்தேன். தோல் மெழுகு தேய்த்ததுபோல் மினுங்குகிறது. நகங்கள் தடித்து வளைந்திருக்கின்றன. புறங்கையில் முடி கறுத்திருக்கிறது. இது எதுவும் எனக்குத் தெரியாது. பஞ்சை வைத்தேன். கத்தினாள். பிரசவத்தில்கூட இவள் இப்படிக் கத்தியதில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, பஞ்சை எடுக்கவில்லை. மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரை, திரும்ப மணிக்கட்டு வரை.

ஆறாவது நிமிஷமோ ஏழாவது நிமிஷமோ கதவு தட்டும் சத்தம். எதிர் போர்ஷன் ஜெசிந்தா. மாவுக் கையோடு ஓடி வந்திருந்தாள். "என்ன சார், அக்கா இப்படிக் கத்துறாங்க?"

ஒண்ணுமில்லம்மா என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. இவளுக்கும் மார்ச்சில் நாய்க் கதைதான் சொல்லியிருந்தேன்.

"அவளுக்கு வலிக்குதும்மா" என்றேன். "பயிற்சி பண்றோம். அவளை விழ வச்சது நான்தான். போன் பேசிக்கிட்டே வண்டி ஓட்டினேன். நாய் எதுவும் வரல."

ஜெசிந்தா மாவுக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். உள்ளேயிருந்து கோதையின் குரல் கேட்டது. அழுது அழுது தொண்டை கட்டியிருந்தது.

"ஏங்க, இன்னும் மூணு நிமிஷம் பாக்கி இருக்கு. வாங்க."

கதவைச் சாத்திவிட்டுப் போனேன். கையை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தாள். உட்கார்ந்து மூன்று நிமிஷமும் செய்தேன். முடிந்ததும், எவ்வளவு என்று கேட்டேன். யோசித்துச் சொன்னாள்.

ஒன்பது.